நுரைப்பஞ்சு மட்டை வீரர் ஹிரோஜி சாட்டோ

பல்லாவரத்தின் பெயர் உலக வரலாற்றில் ஏறியது ஒரு கைக்கருவியினால் என்பதை, அவ்வூரிலிருந்து நாள்தோறும் ரயிலேறி வரும் நம் மாணவருட் பலர் அறியார். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்னும் அறிஞர் அவ்வூர்ச் சரளை மண்ணிலிருந்து கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்நாட்டிற் பழைய கற்கால மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு முதன்முதற் கிடைத்த தக்க சான்று அதுவே. கிடைத்த கல்லைக் கிடைத்தவாறே எறிந்தவனுக்கும், அதனைச் செதுக்கிக் கூராக்கிப் பற்றியவனுக்கும் கை ஒன்றுதான். கருவி மாறிற்று, உடன் வாழ்க்கையும் மாறிற்று.

சென்ற ஆண்டு அவ்வூர் மாணவர் ஒருவர், மேசைப்பந்தாட்டத்திற்குரிய கார்பன் மட்டை ஒன்றைப் புதிதாய் வாங்கி, விடுதியின் ஆட்டமண்டபத்திற்குக் கொணர்ந்தார். கார்பன் என்றவுடன் அடுப்புக்கரியை நினைந்து நகைத்தாரும் உளர். மட்டையின் மரத்தகடுகளுக்கு இடையே, கரியிழையால் நெய்த மெல்லிய துணி பசையுடன் பதிக்கப்பட்டிருக்கும். அதுவே அதன் சிறப்பு. முதல் அரைமணி நேரம் அவர் அடித்த பந்து எதுவும் மேசையில் விழவில்லை. பின்சுவரையே நாடிச் சென்றது. கையை ஓங்காமல் மட்டையைச் சற்றே குப்புறச் சாய்த்துப் பிடிக்கப் பழகிய பின்னர், ஆட்டம் திரும்பிற்று. வாரம் ஒன்று கழிவதற்குள், தம்மை நெடுநாள் வென்றுவந்த தோழரை அவர் வென்றுவிட்டார். உடனே எழுந்தது பூசல்: வென்றது இவர் கையா, இவர் வாங்கிய மட்டையா?

இவ்வினா உலகறிய எழுந்தது நம் நாட்டிலேயே, பம்பாய் மாநகரில், 1952-ஆம் ஆண்டில். அதனை எழுப்பிய ஹிரோஜி சாட்டோ என்னும் ஜப்பானியரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

சாட்டோ 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜப்பான் நாட்டின் வடபகுதியில் உள்ள ஆவோமோரி என்னுமிடத்திற் பிறந்தவர். அது பனி மிகுந்த துறைமுகப் பகுதி. அவருடைய இளமைப் பருவம் முழுவதும் போர்க்காலமாயிற்று. 1945-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் ஆவோமோரி நகரம் வான்வழித் தாக்குதலால் எரிந்தழிந்தது. அடுத்த மாதம் ஜப்பான் பணிந்தது. வெற்றிபெற்ற படையின் ஆட்சியில் அந்நாடு ஏழாண்டுக்காலம் இருக்கலாயிற்று. பரந்த ஆடுகளமும் பெரும்பொருளும் வேண்டாத விளையாட்டொன்று அத்தகைய நாட்டிற் பரவியதில் வியப்பில்லை. ஒரு மேசை, ஒரு வலை, ஒரு பந்து, மழைக்கு ஒதுங்கும் கூரை; இவையே போதுமன்றோ?

சாட்டோ மெலிந்த உடலினர்; மூக்குக்கண்ணாடி அணிந்தவர்; எழுதுகோலைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடித்து ஆடும் கீழ்நாட்டு வழக்கினர். அவரினும் வன்மையாய் அடிக்கவல்லார் அவர் நாட்டிலேயே இருந்தனர். நோரிக்காசு பூஜி என்பாரின் பெயர் அக்காலத்து ஜப்பானிற் பெரிதும் பேசப்பட்டது. வன்மையிற் குறைந்தவர் வேறொரு துணையைத் தேடுதல் இயல்பு. சாட்டோ கண்ட துணை, ஸ்பாஞ்ச் எனப்படும் நுரைப்பஞ்சு.

அதன் அருமையை உணர்தற்கு, அதற்கு முன்னிருந்த மட்டையின் இயல்பை அறிதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, மரமட்டையின்மீது சிறுசிறு முனைகளையுடைய மெல்லிய ரப்பரை ஒட்டி ஆடுவதே வழக்கமாயிருந்தது. 1926-இல் இலண்டனில் முதல் உலகப் போட்டி நிகழ்ந்த காலத்தும் (அப்போட்டியில் இந்தியாவின் அணியும் இருந்தது) இம்மட்டையே கோலோச்சிற்று. பந்து அதன்மேற் பட்டவுடன் டக்கென்று ஒலிக்கும், உடனே திரும்பும். அவ்வொலியைக் கேட்டே எதிராளி அடியின் வன்மையை அளந்து, எங்கு நிற்பது என்று முடிவு செய்வான். கண்ணுக்குச் செவி துணை. ஹங்கேரி நாட்டு விக்டர் பார்னாவும், நான்கு முறை உலகப்பட்டம் வென்ற ரிச்சர்ட் பெர்க்மனும், 1949-இலும் 1951-இலும் வாகை சூடிய ஆங்கிலேயர் ஜானி லீச்சும் அவ்வொலியிலேயே வளர்ந்த வீரர்கள்.

சாட்டோ அந்த ரப்பரை அகற்றினார். தடித்த நுரைப்பஞ்சை மரத்தின்மேல் ஒட்டினார். பந்து அதிற் பட்டால் சற்றே அமிழும். அமிழ்ந்த பஞ்சு விரியும்போது பந்தை உந்தித் தள்ளும். எதிராளி வன்மையாய் அடித்தால், அவ்வன்மையே அவனுக்கு எதிராய்த் திரும்பிவரும். மெல்லத் தடுத்து நிறுத்துவோனுக்கு இதனினும் சிறந்த கருவி வேறில்லை. இவையனைத்தினும் விந்தையானது, அம்மட்டை ஊமையாய் இருந்தது. பந்து பட்ட ஒலி எதிராளியின் செவிக்கு எட்டவேயில்லை.

இது மோசடியோ எனின், அன்று. மட்டை எப்பொருளால் ஆயினும், எவ்வளவினதாயினும் ஆகலாம் என்பதே அந்நாளைய விதி. நுரைப்பஞ்சை முதன்முதற் கண்டவரும் சாட்டோ அல்லர். முந்திய ஆண்டு வியன்னா நகரில் நிகழ்ந்த உலகப் போட்டியிலேயே ஆஸ்திரிய நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் அதனைக் கைக்கொண்டு ஆடினார். பட்டமோ லீச்சுக்குப் போயிற்று. மட்டை ஒன்றே வெல்லுமாயின் வியன்னாவிலேயே வென்றிருக்கும் என்பதனை, சாட்டோவைக் குறைகூறுவோர் மறந்துவிடுகின்றனர்.

1952-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் பம்பாயில் உலகப் போட்டி கூடிற்று. ஆசியக் கண்டத்தில் இப்போட்டி நிகழ்ந்தது அதுவே முதன்முறை. ஜப்பானியர் உலகப் போட்டியிற் கலந்துகொண்டதும் அதுவே முதன்முறை. அவர்களை ஒரு பொருட்டாக எண்ணினார் மிகச் சிலரே. சாட்டோவுக்கு அப்போது வயது 27.

அவரை எதிர்த்தவருள் அமெரிக்க நாட்டு மார்ட்டி ரைஸ்மன் குறிக்கத்தக்கவர். 1949-இல் ஆங்கிலேயரின் திறந்த போட்டியிற் பட்டம் பெற்ற அவ்விளைஞர், மின்னலடிக்குப் பெயர்போனவர். பம்பாயில் உலகப்பட்டம் தமதே என்னும் உறுதியுடன் வந்தவர். அவருடைய அடிகள் ஓசையின்றித் திரும்பின. எவ்வளவு வேகமாய் அடித்தாரோ, அவ்வளவு விபரீதமாய்ப் பந்து மீண்டது. காலத்தைக் கணித்து அடிக்கும் வீரனுக்குக் கணிக்கும் கருவியாகிய செவியே பயனற்றுப் போனால் அவன் என் செய்வான்? ரைஸ்மன் தோற்றார். அத்தோல்வியை அவர் வாணாள் முழுவதும் மறந்திலர். இறுதிவரை முனை ரப்பர் மட்டையையே பிடித்து, 1997-இல் தமது 67-ஆம் வயதில், அப்பழைய மட்டைக்கெனத் தனியே நடைபெற்ற அமெரிக்க தேசியப் போட்டியில் வெற்றிபெற்றார் என்றால், அவர் உறுதியை என்னென்பது! சாட்டோவின் வரலாற்றை எழுதுவோர் ரைஸ்மனுக்கும் ஒரு வணக்கம் செலுத்துதல் கடன்.

இறுதியாட்டத்தில் சாட்டோ ஹங்கேரி நாட்டு ஜோசப் கோட்சியானை வென்றார். உலக மேசைப்பந்து ஒற்றையர் பட்டம் ஆசியர் ஒருவர் கைக்கு வந்தது அன்றுதான். ஆடவர் இரட்டையரில் பூஜியும் ஹயாஷியும், மகளிர் இரட்டையரில் நரஹாராவும் நிஷிமுராவும் வாகை சூடினர். மகளிர் அணிக்குரிய கோர்பில்லன் கோப்பையும் ஜப்பானுக்கே போயிற்று. ஏழு பட்டங்களுள் நான்கு, முதன்முதலாய் வந்தவர்க்கு!

இவ்வெற்றி ஜப்பானியருக்கு என்ன பொருள் தந்தது என்பதை நாம் எளிதில் உணரலாம். நாமும் அடிமைத்தளை நீங்கி அப்போது ஐந்தாண்டும் நிரம்பவில்லை. ஜப்பானோ இன்னும் அயற்படையின் ஆட்சியிலேயே இருந்தது. அவ்வாட்சி நீங்கியது அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் நாள். தோற்ற நாட்டின் மகன், கண்ணாடி அணிந்த மெலிந்த மனிதன், உலகை வென்று மீண்டான் எனின், மக்கள் திரண்டு வரவேற்றதில் வியப்பென்ன?

எனினும் புகழின் வெயில் சாட்டோவின்மேல் நெடுநாள் காயவில்லை. அவ்வெற்றிக்குப் பின் விரைவிலேயே ஒசாகா நகரில் ரைஸ்மன் அவரை எதிர்த்து ஆடி வென்றார். பம்பாயில் ஊமையாய்த் தோன்றிய மட்டைக்கு ஒரு மொழி உண்டென்பதை மேனாட்டார் கற்றுக்கொண்டனர்: வன்மையாய் அடித்தால் அது வன்மையைத் திருப்பும், மெல்ல அடித்தால் அது திருப்புதற்கு யாதுமில்லை. 1953-ஆம் ஆண்டு புக்காரெஸ்ட் நகரப் போட்டியில் ஜப்பான் கலந்துகொள்ளவில்லை. பட்டம் ஹங்கேரியின் பெரென்ஸ் சீடோவுக்குப் போயிற்று. சாட்டோ மீண்டும் உலகப்பட்டம் வென்றாரல்லர்.

அவர் கையிலிருந்து நழுவிய கருவியை இச்சிரோ ஓகிமுரா என்னும் இளைஞர் பற்றினார். சாட்டோ நுரைப்பஞ்சைத் தடுப்பதற்குக் கொண்டார். ஓகிமுராவோ தாக்குவதற்குக் கொண்டார். இடையறாப் பயிற்சியால் கால்களையும் பஞ்சுக்கு ஈடான வேகத்திற் பழக்கி, 1954-இல் இலண்டனிலும் 1956-இல் டோக்கியோவிலும் அவர் உலகப்பட்டம் வென்றார். 1954 முதல் 1959 வரை நிகழ்ந்த ஐந்து போட்டிகளிலும் ஆடவர் அணிக்குரிய ஸ்வேத்லிங் கோப்பை ஜப்பானுடையதாயிற்று. ஒருவர் ஒரு வாரத்தில் வென்றதை ஒரு நாடு ஆறாண்டுக்காலம் காத்தது. இதனை மட்டையின் வேலை என்று மட்டும் சொல்லுதல் எமக்கு ஒப்பில்லை. சாட்டோவின் கையில் ஓராண்டும் நில்லாத வெற்றி, ஓகிமுராவின் கால்களில் நின்றது.

இதற்கிடையே மேனாட்டுச் சங்கங்களில் பெரும்பூசல் மூண்டது. ஆட்டம் குறுகிவிட்டது, நெடுநேரப் பந்துமாற்றம் ஒழிந்தது, காண்போர்க்கு இன்பம் குன்றியது என்பார் ஒருசாரார். விஞ்ஞானத்தின் வாயிலை அடைத்தல் தகாது என்பார் மற்றொருசாரார். இறுதியில், 1959-ஆம் ஆண்டு உலகச் சங்கம் ஒரு நடுவழி கண்டது. வெறும் நுரைப்பஞ்சு விலக்கப்பட்டது. பஞ்சின்மேல் ரப்பரைப் போர்த்தி ஒட்டலாம்; ஆனால் இரண்டும் சேர்ந்து 4 மில்லிமீட்டர் தடிப்பை மிஞ்சலாகாது. பஞ்சின்றி முனை ரப்பர் மட்டும் ஒட்டுவதாயின் 2 மில்லிமீட்டரே எல்லை. இன்று உலகெங்கும் பிடிக்கப்படும் மட்டை இவ்விதியின் பிள்ளை. சாட்டோ பம்பாயிற் பிடித்த மட்டையை இன்று எவரேனும் போட்டிக்குக் கொண்டுசென்றால், நடுவர் அதனை மேசையருகே அனுமதியார்.

அடுத்த வேகம் வந்தது ரப்பரிலன்று, மரத்தினுள். பந்து படும்போது மரம் சற்றே வளைந்து அதிரும். பந்தின் ஆற்றலிற் சிறிது அவ்வதிர்விற் கழியும். கரியிழைத் தகடு அவ்வளைவைத் தடுக்கிறது. ஆதலால், கழியவேண்டிய ஆற்றலும் பந்துடனே செல்கிறது. நடுப்பகுதியிற் பட்டாலன்றிப் பந்து செவ்வையாய்ப் போகாது என்னும் பழைய குறையும் பெரிதும் நீங்குகிறது. ஆயின் விலையின்றி எதுவும் கிடைப்பதில்லை: பந்து மட்டையில் தங்கும் நேரம் குறைவதால், விரல்களுக்கு அது சொல்லும் செய்தியும் குறைகிறது. வலையருகே மெல்லப் பந்தை இடவேண்டிய இடத்தில் அது துள்ளி உயர்ந்துவிடுகிறது. நம் பல்லாவரத்து நண்பர் முதல் அரைமணி பட்ட பாடு இதனால்தான். பம்பாயில் எதிராளியின் செவி இழந்ததைக் கார்பன் மட்டை ஆடுவோனுடைய விரல்களிடமே கேட்கிறது எனலாம்.

இதற்கும் விதி உண்டு. மட்டைப் பலகையின் தடிப்பில் நூற்றுக்கு 85 பங்காவது இயற்கை மரமாய் இருத்தல் வேண்டும். கரியிழை போன்றவற்றால் வலுவூட்டிய பசையடுக்கு ஒன்றின் தடிப்பு, மொத்தத்தில் நூற்றுக்கு 7.5 பங்கு அல்லது 0.35 மில்லிமீட்டர், இவற்றுட் சிறியதை மிஞ்சலாகாது. 1952-இல் இல்லாதிருந்த எச்சரிக்கை இது. சாட்டோ என்னும் ஒருவர் பம்பாய்க்கு வந்திராவிடில், இத்துணை நுட்பமாய் அளந்து விதிசெய்யும் எண்ணம் எவர்க்கும் எளிதில் தோன்றியிராது என்பது எம் துணிபு.

சாட்டோவை ஒரு மட்டையின் பெயராகவே மேனாட்டு நூல்கள் பெரும்பாலும் நினைவுகூர்கின்றன. அது முறையன்று. கையில் வலிமை போதாதென்று அறிந்து, அக்குறைக்குத் தக்க கருவியைத் தேடி, பிறர் நகைக்கக்கூடிய ஒன்றைத் துணிந்து பிடித்து, அதனைக்கொண்டு எத்தனை எத்தனையோ மணிநேரம் பழகி, அயல்நாட்டார் பலர் வெறுப்புடன் நோக்கிய அக்காலத்தில் தனியே மேசைமுன் நின்றவர் அவர். விதி எதனையும் அவர் மீறவில்லை. அவருக்குப் பின்தான் விதி பிறந்தது.

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமது 75-ஆம் வயதில் அவர் காலமானார். ஆட்டத்தின் வேகம் அளவு கடந்துவிட்டதென்று கருதிய உலகச் சங்கம், அவ்வாண்டு அக்டோபர் மாதம் முதல் பந்தின் குறுக்களவை 38 மில்லிமீட்டரிலிருந்து 40 மில்லிமீட்டராக உயர்த்திற்று.