பெருந்தலைவரும் இரண்டு தோல்விகளும்

பெருந்தலைவர் காமராஜர் என்றதும் நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடமும் மதிய உணவும்தான் ஞாபகம் வரும். ஜூலை 15 வந்துவிட்டால் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி. நானும் பேசியிருக்கிறேன், பரிசாக எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறேன். ஆனால் 1967-ல் தேர்தலில் தோற்ற பிறகு அவர் உயிரோடு இருந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கட்சி தோற்றால் அதற்கு எதிர்காலம் உண்டா, இல்லையா? இந்தக் கேள்விக்கு அவர் வாழ்க்கையிலேயே இரண்டு பதில் இருக்கிறது நண்பர்களே!

விருதுபட்டியின் பிள்ளை

1903 ஜூலை 15-ல் விருதுபட்டியில் (இன்றைய விருதுநகர்) குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். சின்ன வயசிலேயே தகப்பனார் இறந்துபோக, படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. அங்கிருந்து காங்கிரஸ் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தவர், 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் முதன்முதலாகச் சிறை சென்றார். மொத்தத்தில் சுமார் ஒன்பது ஆண்டு சிறையிலேயே கழிந்தது. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் ஆனார்.

முதல் தோல்வி

1952 பொதுத்தேர்தல். சென்னை மாகாணத்தில் மொத்தம் 375 இடம். காங்கிரசுக்குக் கிடைத்ததோ 152. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சிக்கே பெரும்பான்மை இல்லை! காமராஜர் பொறுப்பேற்றுத் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். ராஜாஜி முதலமைச்சரானார். பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுத்தொழில் என்று 1953-ல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை எதிர்த்து நாடே கொந்தளித்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனார்.

வந்ததும் என்ன செய்தார்? அந்தக் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். காங்கிரசை எதிர்த்து ஜெயித்த உழைப்பாளர் கட்சி, காமன்வீல் கட்சித் தலைவர்களையும் அரவணைத்தார். ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு துணையோடு 1956-ல் மதிய உணவும் வந்தது. 1957-ல் காங்கிரஸ் 205-க்கு 151 இடம் பிடித்தது. தோற்ற கட்சி ஐந்தே ஆண்டில் எழுந்து நின்றுவிட்டது!

அந்த மதிய உணவு சாப்பிட்டவர்களில் எங்க தாத்தாவும் ஒருவர். சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். சோறு கிடைக்குமே என்றுதான் பள்ளிக்கே போனாராம். மூன்றாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போய்விட்டார். ஆனாலும் கையெழுத்துப் போடுவார், பஸ் போர்டு படிப்பார். அந்த மூன்று வருஷப் படிப்புதான் எங்க வீட்டில் படிப்புக்குப் போட்ட பிள்ளையார் சுழி. இன்று நான் டிப்ளமோ.

இரண்டாவது தோல்வி

1963-ல் மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகவேண்டும் என்று ‘காமராஜ் திட்டம்’ கொண்டுவந்து, அவரே முதலமைச்சர் பதவியை விட்டார். அகில இந்தியத் தலைவராகி 1964-ல் சாஸ்திரியும் 1966-ல் இந்திரா காந்தியும் பிரதமராக வழி செய்தார். ஆனால் இங்கே நிலைமை மாறிக்கொண்டிருந்தது. அரிசிப் பஞ்சம், விலைவாசி, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், துப்பாக்கிச் சூடு. 1967-ல் தி.மு.க. பல கட்சிகளைக் கூட்டிக்கொண்டு ஜெயித்தது. முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். சொந்த ஊரான விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் காமராஜரும் தோற்றுப்போனார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் திறந்தவரைத் தோற்கடித்தது மாணவர் தலைமுறை! இதை நன்றிகெட்டத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோணலை. படிச்ச பையன் அடுத்து வேலை கேட்பான், மொழி கேட்பான், கேள்வி கேட்பான். படிக்க வைத்த கட்சிக்கு அவன் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

அதே நேரம் காங்கிரஸ் அன்று அழிந்துவிடவில்லை. 1967-லும் நூற்றுக்கு சுமார் 41 பேர் அதற்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். காமராஜரும் ஒதுங்கிவிடவில்லை. 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குப் போனார்.

காளையைக் காணோம்

1969 நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. காமராஜர் பழைய காங்கிரசில் நின்றார். இரட்டைக் காளைச் சின்னமும் போச்சு. எங்க தாத்தா முதல் ஓட்டுப் போட்டது 1971-ல். சீட்டில் இரட்டைக் காளையைத் தேடினாராம், காணோமாம். கடைசியில் எதில் குத்தினார் என்று இன்றுவரை வாயைத் திறக்க மாட்டேங்கிறார்!

அந்தத் தேர்தலில் இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு சேர்ந்தது. காமராஜர் கட்சி சுமார் 35 சதவீத ஓட்டு வாங்கியும் சட்டசபையில் கிடைத்தது 15 இடம். மக்களவையில் ஒரே ஒரு இடம், அதுவும் அவருடைய நாகர்கோவில்தான். 1972-ல் அ.தி.மு.க. பிறந்தது. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அந்தப் புதுக்கட்சி ஜெயிக்க, காமராஜர் கட்சி இரண்டாவது வந்தது, ஆண்ட தி.மு.க. மூன்றாவது. ஆறு ஆண்டு கழித்தும் ஜனங்கள் அவரை மறக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, சென்னையில் வாடகை வீட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அவர் கட்சியில் பெரும்பகுதி இந்திரா காங்கிரசில் கலந்துவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் 1977-ல் ஜனதாவுக்குப் போனார்கள். 35 சதவீத ஓட்டு வைத்திருந்த கட்சி, ஒரு மனிதர் கண்ணை மூடியதும் இல்லாமல் போனது!

நமக்கு என்ன?

1952 தோல்விக்குப் பின் காங்கிரசுக்குப் புது வேலை இருந்தது, எதிரியையும் சேர்த்துக்கொள்ளும் மனசு இருந்தது. 1967-க்குப் பின் இருந்தது காமராஜர் என்ற நல்ல பெயர் மட்டும்தான். அவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை வளரவில்லை. நல்ல தலைவர் இருந்தால் தோற்ற கட்சி பிழைத்துக்கொள்ளும் என்று நானும் நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. அடுத்த தலைமுறை என்ன கேட்கிறது என்று காது கொடுத்துக் கேட்டு, அவர்களையே முன்னால் நிறுத்தும் கட்சிதான் பிழைக்கும்.

நம்ம மாணவர் பேரவைத் தேர்தலிலும் ஒரு அணி ஜெயித்தது, ஒரு அணி தோற்றது. தோற்ற அண்ணன்கள் இந்த வருஷத்தோடு படிப்பு முடித்துப் போகிறார்கள். போவதற்குள் முதலாமாண்டுப் பசங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்களுக்கு என்ன வேணும் என்று ஒரு நாள் கேட்டுவிட்டுப் போங்கள். ஜெயித்தவர்களும் கேட்கலாம், தப்பில்லை!

— இறுதியாண்டு மாணவன், மின்னியல் துறை