பியாட்ரிக்ஸ் பாட்டர்
இலண்டனில் 1866ஆம் ஆண்டு செல்வக் குடியில் பிறந்த பியாட்ரிக்ஸ் பாட்டர், பள்ளி செல்லாது வீட்டிலேயே கற்றவர். வளர்த்த முயலும் எலியும் முள்ளெலியுமே தோழமையாயின. அவற்றை வரைந்து வரைந்தே கை தேர்ந்தார். 1893இல் நோயுற்ற சிறுவன் ஒருவனுக்குப் படங்களுடன் வரைந்த மடலே பீட்டர் முயலின் கதையாக மலர்ந்தது. பதிப்பாளர் பலர் மறுக்கவே, 1901இல் தம் செலவில் 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டு வார்ன் நிறுவனம் அதனை வண்ணப் படங்களோடு வெளியிட்டது.

1905இல் பதிப்பாளர் நார்மன் வார்னை மணக்க இசைந்தார்; வணிகக் குடியினர் என்று பெற்றோர் தடுத்தனர். ஒரு திங்களில் நார்மன் மறைந்தார். துயருற்ற அவர் அவ்வாண்டே ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். பின்னர் நூல்கள் ஈட்டிய பொருள் மேலும் மேலும் நிலமாயிற்று. 1913இல் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிசை மணந்து, ஹெர்ட்விக் ஆடுகளைப் பேணி வாழ்ந்தார். 1943இல் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தேசிய அறக்கட்டளைக்கு அளித்துச் சென்றார். ஒரு குழந்தையை மகிழ்விக்க எழுந்த கதை, ஒரு மலைச்சாரலையும் காத்து நிற்கிறது.