மண்குவளையும் பந்தும்
(விளையாட்டு வீரர் பல்வங்கர் பாலுவின் வாழ்வு)

யூபிலி ஆண்டு என்றாலே ஆலய வளாகத்தில் விளையாட்டுப் போட்டிகளும் களைகட்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் நம் ஓசூர் எல்லைப் பகுதியில், சிப்காட் தொழிலாளரும் சிற்றூர் இளைஞரும் ஒரே மைதானத்தில் இறங்குவதைக் கண்டு மகிழ்கிறோம். இவ்வேளையில், நமக்கு அண்டையிலுள்ள கருநாடகத் தார்வாடில் 1876-ஆம் ஆண்டு பிறந்த ஒரு விளையாட்டு வீரரை நினைவுகூர்வது பொருத்தமே.

பல்வங்கர் பாலு, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான தோல் தொழிலாளர் குலத்தில் பிறந்தவர். பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கழகத்தில் ஆடுதளம் பெருக்கி உருளை உருட்டும் வேலைக்கு மாதம் 3 ரூபாய் ஊதியம் பெற்றார். பின்னர் ஐரோப்பியர் கழகத்தில் 4 ரூபாய். அங்கே ஆங்கிலேயருக்குப் பயிற்சிக்காக நாள்தோறும் பந்து வீசினார். மட்டை பிடிக்க மட்டும் அவரை விடவில்லை. இவ்வாறே இடது கைச் சுழற்பந்தில் தேர்ந்தார்.

வெள்ளையரை வெல்ல விரும்பிய பூனா இந்துக் கழகத்தார் அவரை அணியில் சேர்த்தனர். ஆனால் இடைவேளையில் மற்றவர்க்குப் பீங்கான் கோப்பை. பாலுவுக்கோ வெளியே மண்குவளை. அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், அவர் தொட்ட கோப்பையைத் தொட மறுத்தனர்! பின்னர் பம்பாய் சென்றார். 1906-இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றதில் அவருக்கும் பங்குண்டு. 1911-இல் பாட்டியாலா மகாராசா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இத்தனைக்குப் பின்னும் அணித்தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1920-இல் தம்பியர் சிவராமும் விட்டலும் இந்த அநீதியை எதிர்த்து அணியிலிருந்து விலகினர். பின்னர் பாலு துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். 1923-இல் தம்பி விட்டல் தலைவரானார். அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிடைத்தது.

1932-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், நம் தொரப்பள்ளி மண்ணில் பிறந்த இராஜாஜி ஆகியோரோடு பாலுவும் ஒப்பமிட்டார். 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். 1955-இல் பம்பாயில் காலமானார்.

விளையாட்டின் அறம் யாது? எல்லார்க்கும் ஒரே விதி, ஒரே அளவுகோல் என்பதே. அந்த அறம் எல்லைக்கோட்டோடு நின்றுவிட்டால் அது அறமாகுமா? ஓட்டப்பந்தயத்தை உவமையாக்கி விசுவாச வாழ்வை விளக்கினார் புனித பவுல். அதே அப்போஸ்தலரே கிறிஸ்துவில் யூதரென்றும் கிரேக்கரென்றும் வேறுபாடில்லை எனக் கற்பித்தார். ஆயினும் தமிழகத் திருச்சபையிலேயே சாதியின் பெயரால் தனி இடமும் தனிக் கல்லறையும் இருந்த அவலத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்ந்துவிட்டு, வீட்டு வாசலில் வேறு குவளை நீட்டினால், பாலுவை வெளியே நிறுத்தியவர்களினும் நாம் எவ்வகையில் மேலானவர்கள்?

அன்பு பங்கு மக்களே, இவ்வாண்டுக் கோப்பை எந்த அன்பியத்திற்குப் போனாலும் மகிழ்வோம். ஆனால் ஆட்டம் முடிந்தபின் தோற்றவரும் வென்றவரும், எக்குலத்தவரும் எம்மொழியினரும், ஒரே பந்தியில் ஒரே குவளையில் அருந்தட்டும். அதுவே நம் யூபிலியின் மெய்யான வெற்றிக் கோப்பை.