26 கருவிகள், ஒரே இதயம்

1958ஆம் ஆண்டு. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் உள்ள கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 43 வயதுப் பொறியாளர் ஒருவர் பல மாதங்களாகப் படுத்த படுக்கையாக இருந்தார். அவர் பெயர் ஆர்னே லார்சன். மோசமான நாள்களில் 20, 30 தடவைகூட மயங்கிவிடுவார். ஒவ்வொரு தடவையும் அவரை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒருநாள் மீட்க முடியாமல் போகும் என்பது சுற்றியிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வைரஸ் தொற்று ஒன்று அவருடைய இதயத்தின் மின்பாதையைக் கெடுத்துவிட்டிருந்தது. நமது இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைக்கு இறங்கினால்தான் இதயம் ஒழுங்காகச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். அந்த வழி அடைபட்டால் கீழறை தன் போக்கில் மெதுவாகத் துடிக்கும். சில சமயம் சில விநாடிகள் நின்றே போகும். மூளைக்கு ரத்தம் போகாது, ஆள் சாய்ந்துவிடுவார். 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த டப்ளின் மருத்துவர்கள் இருவரின் பெயரால் இதற்கு ஸ்டோக்ஸ்-ஆடம்ஸ் நோய் என்று பெயர்.

மருந்து கொடுக்காமல் இல்லை. எஃபெட்ரின், அட்ரோபின், ஐசோபிரினலின், காஃபின், டிஜாக்சின் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விஸ்கியைக்கூட விட்டுவைக்கவில்லை. எதுவும் பலிக்கவில்லை. இவை சாதாரண மருந்துகளும் அல்ல. எஃபெட்ரின் தூக்கத்தைக் கெடுக்கும். ஐசோபிரினலின் கைகளை நடுங்கவைக்கும், நெஞ்சைப் படபடக்கவைக்கும். அட்ரோபின் வாயை உலர்த்தி, பார்வையை மங்கலாக்கும். டிஜாக்சினோ, இதயத்தின் மின்பாதையை மேலும் மந்தமாக்கக்கூடியது என்று இன்று பாடப் புத்தகங்களிலேயே இருக்கிறது. அந்தக் காலத்து மருத்துவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் கையில் வேறு எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் லார்சனின் மனைவி எல்சே-மரி வருகிறார். என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உண்மையான நாயகி அவர்தான்.

அதே மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங்கும், எலமா-ஷொனாண்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த ரூனே எல்ம்க்விஸ்ட்டும் விலங்குகளிடம் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். எல்ம்க்விஸ்ட் மருத்துவம் படித்துவிட்டுப் பொறியியலுக்குப் போனவர். மைத்துளியைப் பீய்ச்சி இதயத்துடிப்பை வரையும் பதிவுக் கருவியை உருவாக்கியவரும் அவரே. அப்போது பேஸ்மேக்கர் எனும் இதயமுடுக்கி உடலுக்கு வெளியே இருந்தது. அதன் கம்பிகள் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், அந்தத் துளை வழியே கிருமியும் போகும். கருவி முழுவதையுமே உடலுக்குள் வைத்துவிட்டால் என்ன என்பதுதான் இருவரின் யோசனை. அது யோசனையாகவே இருந்த நேரத்தில் எல்சே-மரி போய் நின்றார்.

மனிதருக்குப் பொருத்தத் தகுந்த கருவி இன்னும் தயாராகவில்லை என்று அவரிடம் சொல்லப்பட்டது. அப்படியானால் செய்யுங்கள் என்பதே அவர் நிலை. மருத்துவமனைக்கும் ஆய்வுக்கூடத்துக்குமாக ஒரே நாளில் பலமுறை நடந்தார். கடைசியில் அவர்கள்தான் இறங்கி வந்தார்கள்.

எல்ம்க்விஸ்ட் செய்த கருவியில் இருந்தவை இரண்டு டிரான்சிஸ்டர்கள், மின்னேற்றம் செய்யக்கூடிய சிறிய நிக்கல்-காட்மியம் மின்கலங்கள், மற்றும் சில பாகங்கள். உடலின் ஈரம் படாமல் இருக்க எல்லாவற்றையும் எபாக்சி பிசினுக்குள் பதித்தார். அதை வார்ப்பதற்கு அவருக்குக் கிடைத்த அச்சு, கிவி ஷூ பாலிஷ் டப்பா! விட்டம் 55 மில்லிமீட்டர், தடிமன் 16 மில்லிமீட்டர். மின்கலம் தீர்ந்தால், உடலுக்கு வெளியே ஒரு கம்பிச்சுருளை வைத்துத் தோல் வழியே மின்னேற்றலாம். இன்று நாம் கைப்பேசியைத் தட்டின்மேல் வைத்து மின்னேற்றும் அதே தத்துவம்தான்.

1958 அக்டோபர் 8ஆம் தேதி மாலை, அதிக ஆரவாரம் இல்லாமல் அறுவை சிகிச்சை நடந்தது. சென்னிங் மார்பைத் திறந்து மின்முனைகளை இதயத் தசையில் தைத்தார், கருவியை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்தார். உடலுக்குள் முழுமையாக இதயமுடுக்கி பொருத்தப்பட்ட முதல் மனிதரானார் லார்சன்.

அந்தக் கருவி சில மணி நேரமே உழைத்தது.

இதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். சாதனை என்று கொண்டாடப்படும் நாளில் நடந்தது ஒரு தோல்வி. கைவசம் இருந்த இரண்டாவது கருவியை வைத்தார்கள். அதுவும் நீண்டகாலம் ஓடவில்லை. பின்னர் 1961இல் மேம்பட்ட கருவி கிடைக்கும்வரை லார்சன் இதயமுடுக்கி இல்லாமலேயே காலம் தள்ளினார். அதற்குள் வேறு நாடுகளிலும் இந்தச் சிகிச்சை பரவத் தொடங்கிவிட்டது. உலகின் முதல் நோயாளி மட்டும் காத்திருந்தார்.

அதன்பிறகும் அவருக்கு ஓய்வில்லை. மின்கலம் தீரும், கம்பி முறியும், மின்முனை தொடும் இடத்தில் தசை தடித்துத் தூண்டலுக்கு மசியாது. ஒவ்வொன்றுக்கும் மீண்டும் கத்தி, மீண்டும் தையல். 1970களில் லித்தியம் மின்கலம் வந்த பிறகே கருவிகளின் ஆயுள் ஆண்டுக்கணக்கில் நீண்டது. மார்பைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியே கம்பியைச் செலுத்தும் முறையும் வழக்கமானது. இப்படி லார்சனின் உடலுக்குள் வந்துபோன கருவிகள் மொத்தம் 26. இதயமுடுக்கியின் வரலாற்றை எழுத அருங்காட்சியகம் தேவையில்லை, அந்த ஒருவரின் தழும்புகளே போதும். ஆனாலும் அவர் நோயாளியாகவே முடங்கிவிடவில்லை. வேலைக்குத் திரும்பினார், பயணங்கள் போனார், இதய நோயாளிகளுக்காக மேடைகளில் தோன்றினார்.

லார்சனை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு என் தாத்தாவுக்கும் இதயமுடுக்கி வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தாத்தா மூன்று வாரம் பிடிகொடுக்கவில்லை. ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரை ஒன்று ஓயாத வறட்டு இருமலைக் கொடுக்க, யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்தியவர் அவர். ஒரு மாத்திரையே இப்படிப் படுத்தினால் இயந்திரம் என்ன செய்யாது என்பது அவர் வாதம். (அந்த வகை மாத்திரைக்கு இருமல் தெரிந்த பக்கவிளைவுதான். சொல்லியிருந்தால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றியிருப்பார். பின்னர் மாற்றவும் செய்தார்.) அவருடைய பெரிய பயம் வேறு. சாகவேண்டிய நேரத்தில் கருவி தன்னைச் சாகவிடாதோ என்று பாட்டியிடம் மட்டும் கேட்டிருக்கிறார்.

அதற்கு விடை லார்சனின் கடைசி நாள்களில் இருந்தது. 1990களில் அவர் எண்பதை எட்டிவிட்டார். 1996இல் எல்ம்க்விஸ்ட் மறைந்தார். 2000இல், லார்சன் பிறந்த அதே 1915இல் பிறந்த சென்னிங்கும் மறைந்தார். தன்னைக் காப்பாற்றிய இருவரையும் கடந்து லார்சன் வாழ்ந்துகொண்டிருந்தார். 2001 டிசம்பர் 28ஆம் தேதி, 86ஆவது வயதில், அறுவை சிகிச்சைக்கு 43 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் இறந்தார். காரணம் இதயம் அல்ல, தோல் புற்றுநோய். இதயமுடுக்கி துடிப்பைத் தூண்ட மட்டுமே செய்யும். உடல் ஓய்ந்து, தசை அந்தத் தூண்டலை ஏற்க மறுத்துவிட்டால், அது யாரையும் பிடித்து நிறுத்தாது.

இதைத் தாத்தாவிடம் தமிழில் சொல்லி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: அந்த அம்மா எத்தனை முறை நடந்தார் என்று. பிறகு பாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போனோம்.