ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடியுரிமை பெற்ற உயிரியலாளர் ஆவார். நொதியியலையும் மரபியலையும் இணைத்து ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். ஈஸ்ட்ரோஜன் சுரப்பைப் பாதிக்கும் பிறவி நொதிக் குறைபாடுகளைப் புரிந்துகொள்ள இவ்விணைப்பு அடிப்படையாக உள்ளது.

வாழ்க்கை

ஆக்சுபோர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியங்கியலாளர். முதல் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றினார். 1923 முதல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் கற்பித்தார். 1933-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியல் பேராசிரியரானார்.

ஆய்வுகள்

1902-இல் ஆர்ச்சிபால்டு கேரட் என்னும் மருத்துவர், சிறுநீர் கருமையாகும் ஒரு பிறவிக் கோளாறு உறவுமுறையில் மணந்த பெற்றோரின் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படுவதைச் சுட்டினார். இக்கருத்தின் முதன்மையை உணர்ந்து அதை வளர்த்தெடுத்தவர்களுள் ஹால்டேனும் ஒருவர். 1925-இல் பிரிக்சுடன் இணைந்து நொதி வினைகளின் வேகத்துக்கான சமன்பாட்டை விளக்கினார். 1930-இல் நொதிகள் குறித்த நூலையும், 1954-இல் மரபியலின் உயிர்வேதியியல் குறித்த நூலையும் வெளியிட்டார்.

இந்தியாவில்

1957-இல் மனைவி எலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். 1962-இல் புவனேசுவரத்துக்குச் சென்று மரபியல் ஆய்வகம் ஒன்றை நிறுவினார். இவருடைய மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திராவில் உறவுமுறைத் திருமணங்களின் விளைவுகளை ஆராய்ந்தார். தாய்மாமனை மணக்கும் வழக்கம் தமிழகத்திலும் உண்டு. அத்தகைய இணையரின் குழந்தை, ஒரே முன்னோரிடமிருந்து ஒரு மரபணுவின் இரு படிகளையும் பெறும் வாய்ப்பு 8-இல் 1 ஆகும். அத்தை அல்லது மாமன் மக்களுக்கு இது 16-இல் 1.

ஈஸ்ட்ரோஜன் குறைபாடு

ஆண்மை இயக்குநீர்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அரோமடேசு என்னும் நொதி. இதற்கான மரபணு 15-ஆம் குரோமோசோமில் உள்ளது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற படியைப் பெறும் குழந்தையிடமே இக்குறைபாடு வெளிப்படும். கருவுற்ற தாயிடம் ஆண்தன்மை அறிகுறிகள் தோன்றலாம். பெண் குழந்தையின் பிறப்புறுப்பு தெளிவற்ற தோற்றத்துடன் அமையலாம். ஆண்களில் எலும்பு முனைகள் மூடாததால் உயரம் தொடர்ந்து கூடும், எலும்பு வலுவிழக்கும். ஈஸ்ட்ரோஜன் ஆணுக்கும் இன்றியமையாதது என்பதை இந்நோய் காட்டியது. மிக அரிதான இக்குறைபாடு 1991-இல் சப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் மருந்து இதற்குப் பயன்படுகிறது. உறவில் மணப்போர் மரபியல் ஆலோசனை பெறுவது நன்று.

மறைவு

புற்றுநோயால் 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். இவருடைய விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.