பேலியோவுக்கு 160 வருஷ முன்னோடி: யார் இந்த வில்லியம் பேண்டிங்? எடை குறைந்தும் எல்டிஎல் ஏறுவது ஏன்?

பேலியோ, கீட்டோ, லோ-கார்ப்... பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். சோறு, இட்லி, சர்க்கரையைக் குறை. முட்டை, கறி, மீன், காய்கறியைக் கூட்டு. மூணு மாசத்தில் எட்டு கிலோ இறங்கிடும், பேன்ட் லூசாகிடும், ஆபீஸ்ல எல்லாரும் என்ன ரகசியம்னு கேட்பாங்க. அப்புறம் ஒருநாள் லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட் வரும். அதில் எல்டிஎல் பக்கத்தில் மட்டும் தடித்த எழுத்தில் ஓர் எண் நிற்கும்.

எடை குறைஞ்சா கொலஸ்ட்ராலும் குறையணும் இல்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, இந்த டயட்டை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய மனிதரின் கதையிலிருந்து தொடங்கலாம். அவர் டாக்டர் இல்லை, ஜிம் மாஸ்டரும் இல்லை. லண்டனில் இறுதி ஊர்வல ஏற்பாடு செய்தவர்!

யார் இவர்?

வில்லியம் பேண்டிங் பிறந்தது 1796 டிசம்பரில். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் அவர் குடும்பத்தின் நிறுவனம் இருந்தது. இங்கிலாந்து அரச குடும்பத்தில் யார் இறந்தாலும் சவப்பெட்டியிலிருந்து ஊர்வலம் வரை பேண்டிங் குடும்பத்தின் பொறுப்பு. நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவின் இறுதி ஊர்வலத்தையும் (1852) இவர்கள்தான் நடத்தினார்கள்.

பணம், மரியாதை, அரண்மனைத் தொடர்பு எல்லாமே இருந்தது. ஒரே பிரச்னை, உடம்பு. முப்பது வயதைத் தாண்டியதும் எடை ஏற ஆரம்பித்தது. 65 வயதில், 5 அடி 5 அங்குல உயரத்துக்கு 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ! குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை. முழங்காலும் கணுக்காலும் தாங்காததால் மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்கினார். தெருவில் போவோர் வருவோர் கேலி செய்தார்கள்.

என்னவெல்லாம் முயற்சி செய்தார்?

இன்றைக்கு நாம் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஒரு டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். தினமும் அதிகாலையில் ஆற்றில் துடுப்புப் படகு ஓட்டினார். கை வலுவானது, கூடவே பசியும் பிச்சுக்கிட்டு வந்தது. எடை இன்னும் ஏறியது. நீராவிக் குளியல், கடல் குளியல், கனிம நீர் ஊற்றுகள், மருந்து என்று பல வருஷம் ஓடியது. எதுவும் உருப்படியாகப் பலன் தரவில்லை.

1862-ல் காது வேறு கேட்காமல் போகத் தொடங்க, வில்லியம் ஹார்வி என்ற காது டாக்டரிடம் போனார். கதை திரும்பியது இங்கேதான். ஹார்வி சில வருஷங்களுக்கு முன் பாரிஸ் போனபோது, கல்லீரல் எப்படிச் சர்க்கரையை உருவாக்குகிறது என்று கிளாட் பெர்னார்ட் நடத்திய ஆய்வுகளைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்திருந்தார். பிரச்னை காதில் இல்லை, கொழுப்பில் என்று முடிவு செய்து, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆறையும் நிறுத்தச் சொன்னார்.

கவனிங்க, பேண்டிங் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததே பெரும்பாலும் இந்த ஆறைத்தான்!

ரிசல்ட் என்ன?

1862 ஆகஸ்டில் தொடங்கினார். தட்டில் கறி, மீன், கோழி, காய்கறி, கொஞ்சம் பழம், ஒரு சின்னத் துண்டு டோஸ்ட். சர்க்கரையும் பாலும் இல்லாத டீ. கூடவே தினமும் பல கிளாஸ் ஒயினும் உண்டு. (இதை மட்டும் யாரும் காப்பி அடிக்க வேண்டாம்!)

ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். 1863 செப்டம்பரில் அவர் எடை 156 பவுண்டு, அதாவது சுமார் 71 கிலோ. 46 பவுண்டு குறைந்திருந்தது. இடுப்புச் சுற்றளவு 12 அங்குலத்துக்கு மேல் இறங்கியது. மாடிப்படியில் நேராக நடந்தார். காதும் முன்பைவிட நன்றாகக் கேட்டது.

சந்தோஷம் தாங்காமல், உடல் பருமன் பற்றி மக்களுக்கு ஒரு கடிதம் என்று 1863-ல் சொந்தச் செலவில் சிறு புத்தகம் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். அது தீப்பிடித்த மாதிரி பரவியது. பிறகு விலை வைத்து விற்றபோது, லாபத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுத்தார். அவர் பெயரே ஆங்கிலத்தில் டயட் இருப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லாகிவிட்டது. ஸ்வீடன் மொழியில் இன்றும் டயட்டுக்கான சொல் பான்டா! (இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குபெற்ற ஃபிரெடரிக் பேண்டிங்கும் இவருக்குத் தூரத்து உறவு.)

டாக்டர்கள் பலர் கடுப்பானார்கள். மருத்துவம் படிக்காத ஒருவர் ஊருக்கு வைத்தியம் சொல்வதா என்று கேலி செய்தார்கள். பேண்டிங் அசரவில்லை. 1878 மார்ச்சில் 81 வயதில் இறந்தார்.

அவர் அளக்காதது எது?

பேண்டிங் அளந்தவை இரண்டுதான்: எடை, இடுப்பு. ரத்தத்துக்குள் என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியாது, ஹார்விக்கும் தெரியாது. கொலஸ்ட்ராலுக்குப் பெயர் வைத்தது பிரான்ஸின் செவ்ரூல். அப்போது பேண்டிங்குக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. ஆனால் அன்றைக்கு அது பித்தப்பைக் கல்லில் கிடைக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். அதைச் சாப்பிட வைத்த முயல்களின் ரத்தக்குழாயில் அடைப்பு உருவாவதை ரஷ்யாவின் நிகோலாய் அனிச்கோவ் காட்டியது 1913-ல். எல்டிஎல்லைக் கணக்கிட இன்றும் பல லேப்கள் பயன்படுத்தும் ஃபிரீட்வால்ட் சூத்திரம் வந்ததோ 1972-ல்.

அவர் 81 வயது வரை வாழ்ந்ததை மட்டும் வைத்து இந்த டயட் இதயத்துக்கு நல்லது என்றும் சொல்ல முடியாது. ஒரு மனிதரின் கதை ஆதாரம் ஆகாது. நம் கையில் ரிப்போர்ட் இருக்கிறது. அதைப் படிப்போம்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

ஓர் உதாரணம் (கற்பனை எண்கள், அலகு மில்லிகிராம்/டெசிலிட்டர்):

டயட்டுக்கு முன்: மொத்தம் 210, எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 260.
டயட்டுக்குப் பின்: மொத்தம் 260, எச்டிஎல் 52, டிரைகிளிசரைடு 90.

டிரைகிளிசரைடு 150-க்குக் கீழே வந்துவிட்டது, சூப்பர். மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைந்தால் முதலில் இறங்குவது இதுதான். எச்டிஎல்லும் ஏறியிருக்கிறது.

இப்போது எல்டிஎல். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். முன்: 210 - 38 - 52 = 120. பின்: 260 - 52 - 18 = 190. (டிரைகிளிசரைடு 400-க்கு மேல் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்லணும்.)

இன்னொரு எளிய கணக்கு: மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழித்தால் கிடைப்பது நான்-எச்டிஎல். அதுவும் 172-லிருந்து 208 ஆகிவிட்டது. அதாவது, ரத்தக்குழாயில் படியக்கூடிய கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது. இரண்டு எண்கள் நல்லபடியாக மாறியதால் மூன்றாவது எண் செல்லாது என்று ஆகாது. எச்டிஎல் ஏறிடுச்சு, அதனால எல்டிஎல்லைக் கண்டுக்க வேண்டாம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னால் நம்பாதீங்க.

ஏன் ஏறுகிறது?

பெரும்பாலும் காரணம், சோறு போன இடத்தில் வந்து உட்கார்ந்த நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், கொழுப்புக் கறி. இவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அகற்றும் கல்லீரலின் வேகத்தைக் குறைக்கிறது. பேண்டிங்கின் பட்டியலில் வெண்ணெயும் பாலும் பன்றிக்கறியும் தடை என்பதை நினைவில் வைங்க. பேண்டிங்கின் லோ-கார்ப் டயட், நெய்யை அள்ளி ஊற்றும் டயட்டே இல்லை!

வேறு காரணங்களும் உண்டு. எடை வேகமாக இறங்கும்போது கொலஸ்ட்ரால் தற்காலிகமாக ஏறலாம். ஒல்லியானவர்கள் மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்தால், சிலருக்கு எல்டிஎல் தாறுமாறாக எகிறும். தைராய்டு குறைபாடும், பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் கோளாறும் காரணமாகலாம்.

என்ன செய்யலாம்?

* டயட் தொடங்கும் முன்பே ஒரு லிப்பிட் டெஸ்ட் எடுத்து வைங்க. பழைய எண் இல்லாமல் புதிய எண்ணுக்கு அர்த்தம் குறைவு.
* எடை இறங்குவது நின்று சில வாரம் கழித்து, 10-12 மணி நேரம் வெறும் வயிற்றில் மறுபடி எடுங்க.
* எல்டிஎல் 190 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்க. தேவைப்பட்டால் ஏபோ-பி டெஸ்டும் எடுக்கச் சொல்வார்.
* நெய், வெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், வேர்க்கடலை, மத்தி, அயிலை, நிறைய கீரை.
* சுகர், கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. சுகர் மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் மாவுச்சத்தைக் குறைத்தால் லோ-சுகர் ஆகும் ஆபத்து உண்டு.

கடத்தூர் பக்கம் களி சாப்பிடுபவர்களுக்கு?

தர்மபுரி மாவட்டத்தில் கேழ்வரகுக் களி அன்றாடச் சாப்பாடு. கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், உண்மை. ஆனால் அது லோ-கார்ப் இல்லை. 100 கிராமில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். அதற்காகக் களியை வில்லனாக்கவும் வேண்டாம். உருண்டையின் அளவைக் குறைத்து, கீரைக் கடைசலையும் பருப்பையும் கூட்டினாலே பலருக்கு டிரைகிளிசரைடு இறங்கும், எல்டிஎல்லும் எகிறாது. கடத்தூரில் இருப்பவர்களுக்கு, ரிப்போர்ட்டோடு போய்க் காட்ட தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பேண்டிங்கிடம் இருந்தது ஓர் எடை மெஷினும் ஓர் அளவு நாடாவும்தான். நம்மிடம் அதோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்க.