இசைமேதை சி. ஆர். சுப்பராமன்

நம் பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் பாட்டுக் கடைகளைத் தாண்டிப் போகும்போது, என்றாவது ஒரு நாள் ‘தேவதாஸ்’ படப் பாட்டு உங்கள் காதில் விழுந்திருக்கும். வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். பாடியவர் கண்டசாலா என்று சட்டென்று சொல்லிடுவாங்க. இசை யார் என்று கேட்டால்தான் தலையைச் சொறிவாங்க. சி. ஆர். சுப்பராமன் என்பது அவர் பெயர். அந்தப் படம் 1953இல் திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1924இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையிடம் சங்கீதம் பயின்று, மீசை அரும்பும் வயதிலேயே எச்.எம்.வி. இசைத்தட்டுக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசிக்கப் போய்விட்டார். பிறகு சினிமா. ‘ராஜமுக்தி’யில் (1948) எம். எல். வசந்தகுமாரியைப் பின்னணி பாட வைத்தார். ‘லைலா மஜ்னு’, ‘மணமகள்’ என்று வரிசையாகப் படங்கள். கர்நாடக ராகங்களில் ஊறியவர்தான். ஆனாலும் மேல்நாட்டு மெட்டையும் தாளத்தையும் அவர் ஒதுக்கவில்லை. அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் கிளம்பி ஊரைக் கலக்கியது அதற்குப் பிற்பாடுதான்!

அவருடைய வாத்தியக் குழுவில் இரண்டு பேர். வயலினுக்கு டி. கே. ராமமூர்த்தி, ஆர்மோனியத்துக்கு எம். எஸ். விஸ்வநாதன். இதில் ராமமூர்த்தி சுப்பராமனைவிட இரண்டு வயது மூத்தவர். வித்தைக்கு முன்னால் வயது என்ன செய்யும்?

1952 ஜூன் மாதம் சுப்பராமன் திடீரென்று மறைந்தார். வயது 28தான். கையில் இருந்த படங்கள் பாதியில் நின்றன. பட முதலாளிகள் வேறு ஆளைத் தேடிப் போயிருக்கலாம். ஆனால் அந்த இருவரும் உட்கார்ந்து மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தார்கள். ‘தேவதாஸ்’ படத்தில் இசை என்று வந்தது சுப்பராமன் பெயர்தான்.

அதே ஆண்டு கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், தாம் இயக்கிய ‘பணம்’ படத்துக்கு இருவரையும் ஜோடியாக இசையமைக்க வைத்தார். விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. 1965இல் பிரிகிற வரைக்கும் அவர்கள் போட்ட பாட்டையெல்லாம் எழுத இந்த மலர் முழுவதும் போதாது.

சுப்பராமனுக்குச் சங்கர் என்று ஒரு தம்பி உண்டு. அண்ணனிடம் வேலை பார்த்த அந்த இருவரிடமே பின்னாளில் அவர் உதவியாளராகச் சேர்ந்தார். தொழில் பழகி, கணேஷ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, 1967இல் ‘மகராசி’ படத்துக்கு இசையமைத்தார். சங்கர்-கணேஷ் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சங்கர்தான்.